சம்பந்தி வீட்டில் கை நனைத்த நாள்

சம்பந்தி,

போன வாரம் பேரன் என்னைக் காரைக்குடியில் செக்காலை ரோட்டில் ஒரு ஏசி ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் பிறந்த கடைக்குட்டிதான். உங்கள் நடை, உங்கள் பிடிவாதம். சாப்பாடு முடிந்ததும் சின்னக் கிண்ணம் ஒன்றில் கருப்பாக ஒரு பண்டம் வந்தது. மேசையில் வைப்பதற்கு முன்பே ஏலக்காயும் நெய்யும் சேர்ந்த வாசனை வந்துவிட்டது. கவுனி அரிசி. ஒரு குழந்தையின் கைப்பிடி அளவுகூட இல்லை. விலை என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீக ஐயா, சாப்பிடுங்க" என்றான். விலை தெரியாமல் கவுனி தின்பது எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை உங்கள் வீட்டில்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். இவளும் உங்கள் பேத்திதானே, உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு உங்கள் வீட்டு இலையில் நான் ஏன் உட்கார்ந்தேன் என்பதை உங்களிடம் கடைசிவரை மறைத்துவிட்டேன்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்த வருசங்கள். சீனியைச் சங்கக் கடையில் கார்டுக்கு அளந்து போட்டார்கள். நீங்கள் உங்கள் மூத்த மகனுக்காகக் கல்லல் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். உங்களுக்குப் பிடித்துவிட்டது. இனி நாங்கள் வந்து வீடு பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசலில் நின்று சொன்னாள்: "பையன் நல்ல பையன்தான், நான் இல்லைங்கல. ஆனா அப்பனும் ரெண்டு மகன்களும் மட்டும் இருக்கிற வீடு. பொம்பளைன்னு ஒருத்தி இல்ல. தலைவலின்னா எம்மக யாருகிட்டச் சொல்லுவா? பாக்கிற மாதிரி பாத்துட்டு, கைய நனைக்காம வந்துருங்க."

சம்பந்தம் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பது நம் பக்கத்து வழக்கம். காப்பித் தண்ணி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு மனசு சீக்கிரம் இளகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காவலுக்குத் தன் தம்பியையும் கூட அனுப்பினாள்.

பள்ளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, உங்கள் ஊர் டீக்கடையில் வழி கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு வீட்டுக்காரவுகளா? போங்க, போங்க. இதுவரைக்கும் மூணு கூட்டம் வந்து பாத்துட்டுப் போயாச்சு. மூணு தடவையும் அந்த மனுசன் தன் கையால ஆக்கி, இலையும் போட்டாரு. ஒருத்தரும் உக்காரல. அன்னைக்கெல்லாம் குழம்பு எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. நீங்களும் உக்காராட்டி ஒரு வார்த்தை சொல்லி விடுங்க, எம்பொஞ்சாதி உலை வைக்காம இருப்பா."

மச்சினன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றீர்கள். சட்டைக் கழுத்தில் கரி. வலது கையில் துணி சுற்றியிருந்தீர்கள். வீட்டைக் காட்டினீர்கள், தொழுவத்தைக் காட்டினீர்கள், கிணற்றைக் காட்டினீர்கள். மகனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னீர்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அடுப்படி வாசலில் மட்டும் எட்டிப் பார்க்க ஒரு தலை இல்லை, வளையல் சத்தம் இல்லை. என் மகள் அந்த வீட்டில் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

மச்சினன் பேச்சை முடித்துவைத்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஊருக்குப் போயி பேசிட்டு, தகவல் சொல்லி விடுறோம்."

அந்த வார்த்தையை நீங்கள் ஏற்கெனவே மூன்று தடவை கேட்டவர். உங்கள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "தகவல் மெதுவா வரட்டும். அதுக்கென்ன" என்றீர்கள். சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போய் ஒரு பாத்திரத்தோடு வந்தீர்கள். கூடத்தில் இலைகள் போட்டிருந்தன. நாங்கள் நிற்க நிற்கவே, எனக்குப் பக்கத்தில் இருந்த இலையில் ஒரு கரண்டி எடுத்து வைத்தீர்கள்.

கருப்பு. கன்னங்கரேல் என்று ஒரு உருண்டை.

நான் விவசாயி. வெள்ளை அரிசி தெரியும், சிவப்பு அரிசி தெரியும். கருப்பாக ஒரு அரிசி உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த கருப்புச் சோறு ஒன்றுதான், அடுப்பில் கருகிய சோறு. பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பாவம், பொம்பளை இல்லாத வீடு, அடி பிடித்தது தெரியாமல் விட்டிருக்கிறார். காந்தலை மறைக்க நெய்யை ஊற்றியிருக்கிறார். வாடையை அமுக்க ஏலக்காயைத் தட்டிப் போட்டிருக்கிறார். அப்படியும் நிறம் மாறாததால் முந்திரியைத் தூவியிருக்கிறார். கையையும் சுட்டுக்கொண்டிருக்கிறார். இதையும் தின்னாமல் போனால், கருகியதைப் பார்த்துவிட்டுத்தான் இவர்களும் போனார்கள் என்று இந்த மனுசன் நினைப்பாரே.

உட்கார்ந்துவிட்டேன்.

மச்சினன் குனிந்து என் தோளைக் கிள்ளினான். "மச்சான், எந்திரிங்க. அக்கா கொன்னு போடும்."

"ஒரு வாய்தான்டா மாப்ளே. பாவம்டா" என்றேன் காதோடு காதாக.

நீங்கள் செம்பில் தண்ணீர் ஊற்றினீர்கள். கையை நீட்டினேன். கை நனைந்தது. கசாயம் குடிக்கிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் அள்ளிப் போட்டேன், மெல்லாமல் முழுங்கிவிடலாம் என்று.

முழுங்க முடியவில்லை சம்பந்தி. அது பல்லோடு ஒட்டிக்கொண்டு, மென்றால்தான் விடுவேன் என்றது. மென்றேன். காந்தல் தெரியவில்லை. நெய் முதலில் வந்தது, அப்புறம் சீனி, அப்புறம் தேங்காய்ப் பூ. எல்லாம் இறங்கிய பிறகு அரிசிக்கென்று ஒரு ருசி, அதுவரைக்கும் எதிலும் நான் பார்க்காத ருசி, நாக்கில் நின்றது. இரண்டாவது வாய் எடுத்தேன். மூன்றாவது வாய் எடுத்தது எனக்கே தெரியாது. இலை காலியாக இருந்தது.

மச்சினன் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க நனைச்சதுக்கப்புறம் நான் நனைக்காம இருந்து என்ன ஆகப்போகுது?" என்று சொல்லி, அவனும் உட்கார்ந்துவிட்டான்.

நீங்கள் பாத்திரத்தைக் கீழே வைத்தீர்கள். அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெள்ளைச் சோறும் கறிக்குழம்புமாக வந்தீர்கள்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். "என்ன ஆச்சு?" என்றாள் அவள். மச்சினன் முந்திக்கொண்டான். "மச்சான் தின்னு முடிச்சுட்டு வந்துட்டாரு."

"ஒரு இலைச் சோத்துக்கு மகளைக் குடுத்துட்டு வந்திருக்கீகளே! இத்தனை வருசமா நான் மண்ணையா ஆக்கிப் போட்டேன்?"

"கருகின சோறுடி. சீனியப் போட்டு, காந்தலே தெரியாமச் சமாளிச்சிருக்காரு. பாவமா இருந்துச்சு."

"கருகின சோத்துக்கா குடுத்தீக?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மகள்தான் தொழுவத்துக்கு வந்து கேட்டாள். "ஏம்ப்பா, அவரே ஆக்குவாராமே, தினமுமா?"

"தினமும்தான் போல."

"அப்பச் சரிப்பா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் வைக்கிற குழம்பு உங்களுக்கே தெரியும்.

அவள் சிரித்தாலும் எனக்கு மனசு அறுத்துக்கொண்டேதான் இருந்தது. இரக்கப்பட்டு ஒரு நொண்டிக் கன்றை வாங்கலாம். இரக்கப்பட்டு மகளைக் கொடுப்பார்களா? தாலி ஏறின பிறகும் இதுதான் என் நினைப்பு.

தலை தீபாவளிக்குச் சாமான் வாங்க மாப்பிள்ளையோடு காரைக்குடிக்குப் போனேன். ஒரு மளிகைக் கடையில், மூலையில் ஒரு சின்னச் சாக்கு. உள்ளே அதே கருப்பு. "ஏம்ப்பா, கருகின அரிசியவா விக்கிறீக?" என்று ஒரு பிடி அள்ளினேன்.

கடைக்காரர் பதறிப்போனார். "கைய எடுங்கய்யா, சிந்திராதீக! பர்மாக் கவுனி அது. இப்பக் கப்பல் வரத்தே இல்ல. செட்டியார் வீட்டு ஆச்சிமாரே கல்யாணத்துக்குப் பாத்துப் பாத்துத்தான் வாங்கிட்டுப் போறாக." விலையும் சொன்னார். ஒரு படிக்கு அவர் சொன்ன விலையில் எங்கள் வீட்டில் பத்து நாள் உலை கொதிக்கும்.

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி வீட்டுக்கு அப்பா நெல்லு கொண்டுபோவாரு, மாமா. யாரும் நம்ம வீட்டுல உக்கார மாட்டேங்கிறாகன்னு அவுககிட்டச் சொல்லி வருத்தப்பட்டிருக்காரு. 'எங்க வீட்டு விருந்துல கவுனி இல்லாம இருக்காது, அதை வச்சுப் பாருங்க'ன்னு அவுக சொல்லி, பக்குவமும் சொல்லிக் குடுத்தாக. நீங்க வந்த வாரம் சினை ஆட்டை வித்தாரு. அரிசி, நெய், முந்திரி, சீனி எல்லாம் அதுலதான். கிண்டுறப்பக் கையில தெறிச்சு வெந்து போச்சு. எங்களுக்கு ஒரு வாய் குடுக்கலையே மாமா, நீங்க ரெண்டாந்தடவை கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு."

நான் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் ஆயுசில் அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவ்வளவு விலையுள்ள பண்டம் எனக்காக யாரும் ஆக்கியதில்லை. அதைத்தான் கருகிய சோறு என்று நினைத்துத் தின்றிருக்கிறேன்.

உங்களிடம் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே வந்தேன். நீங்கள் வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "பொண்ணு குடுக்க மாட்டேன்னுதான் வந்தாரு எஞ்சம்பந்தி. ஒரு வாய் வச்சாரு பாருங்க, சொக்கிப் போயிட்டாரு!" அப்புறம் எப்படிச் சொல்வது? பேரனுக்குக் காது குத்தும்போது சொன்னீர்கள். உங்கள் இளைய மகன் கல்யாணத்தில் பந்தியிலேயே சொன்னீர்கள். ஒரு வாய் நாளடைவில் மூன்று இலை ஆனது. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சினை ஆட்டை விற்று மரியாதையாகப் பெண் எடுத்த மனுசனிடம் போய், உங்களைப் பார்த்துப் பாவப்பட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மகள் உங்கள் வீட்டில் எப்படி இருந்தாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதல் பிரசவத்துக்கு நாங்கள் அழைக்க வந்தபோது, வண்டியில் ஏறாமல் உங்கள் அடுப்படிக்குள் போய் அழுதவள் அவள். தலைவலியைக்கூட உங்களிடம்தான் சொன்னாள். என் வீட்டுக்காரி ஊர் திரும்புகிற வழியெல்லாம் மகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், "நம்ம வீட்டுல இருந்ததைவிடச் சதை போட்டிருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. மகள்தான் ஊட்டினாள். ஒரு மத்தியானம் அவளை வெந்நீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்தீர்கள்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுவீகளா?"

"கேளுங்க."

"அன்னைக்குக் கெளம்பி நின்னீக. அப்புறம் உக்காந்தீக. வாயில வச்சதுக்கப்புறம் சொக்கிப் போனீகன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஆனா உக்காந்தப்ப இன்னும் வாயில வைக்கலையே. எதுக்கு உக்காந்தீக?"

எத்தனை வருசமாக அந்தக் கேள்வியை வைத்திருந்தீர்களோ. வாசலில் ஊருக்குக் கதை சொல்லும்போதெல்லாம் இது உள்ளே இருந்திருக்கும்.

"வாசனை சம்பந்தி" என்றேன். "வாசனையிலேயே விழுந்துட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அப்படிச் சொல்லுங்க" என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். நம்பினீர்களா, நம்பியது போல் இருந்தீர்களா, எனக்குத் தெரியவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

அது பொய் சம்பந்தி. முதல் வாய் உங்கள் மேல் பாவப்பட்டுத்தான். ஆனால் இரண்டாவது வாயில் ஒரு பொட்டுக்கூடப் பாவம் இல்லை. என் மகளை நான் கொடுத்தது அந்த இரண்டாவது வாயில்தான்.