நீலம் இருக்கும்வரை

இன்று காலை நீலச் சாயக் குப்பியை உடைத்தபோது ஒரு துளி என் சட்டைக் கையில் தெறித்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. "தேய்க்காதீங்க டாக்டர், ஊறிக்கினே போவும்" என்பாயே என்று திரும்பிப் பார்த்தேன். உன் இடத்தில் புது நர்ஸ் பெண் நின்றிருந்தாள். ஐந்தே நாள் காய்ச்சலில் நீ போய் ஆறு மாதமாகிறது. எனக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

உணவுக்குழாயின் உள்தோலில் முளைக்கும் புற்றை, வாய்வழியே விட்ட குழாயின் முனைக் கத்தியால் உரித்தெடுப்பது நம் வேலை. தோலுக்கடியில் நீ நீலநீரை ஏற்றுவாய். தோல் மெல்ல உப்பி எழும். அந்த நீலத்துக்குள் மட்டும்தான் நான் அறுக்கலாம். அதற்குக் கீழே தசை, தசையைத் தாண்டினால் ஓட்டை. விளக்கணைத்த அறையில் திரை முழுக்க நீலம் மிதக்கும்போது நாம் இருவரும் தண்ணீருக்குள் இருப்பதாகவே தோன்றும். "எங்க பிள்ளைப்பாக்கம் ஏரி மாரியே கீது டாக்டர்" என்பாய். கரையில் நிற்கும் தொழிற்சாலை பஸ்கள்கூட எனக்குத் தெரிவதுபோல் இருக்கும்.

ஒரகடத்துத் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்த திருநெல்வேலிப் பெரியவரை மறந்திருக்க மாட்டாய். மயக்க மருந்துக்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ருசி பாக்கதுக்குத் தொண்டை வேணும்லா, தாயி" என்றார். மூன்று மணி நேரம் அறுத்தாகிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம்தான் பாக்கி.

"நீலம் பூட்ச்சி டாக்டர். இன்னொரு தபா ஏத்தறேன்."

"இரும்மா, இதோ முடிஞ்சிடும்" என்று கத்திக்கு மின்சாரம் தரும் கால் பெடலை மிதித்தேன். கால் தரையில் பட்டது. நீ உன் காலால் பெடலை நகர்த்திவிட்டிருந்தாய்.

"டாக்டர் யாரு, நீயா நானா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீ நீலத்தை ஏற்றினாய். தோல் எழுந்தது, வெறும் நார் என்று நான் அறுக்கப்போன வெள்ளை இழைகள் எழவில்லை, கீழேயே கிடந்தன. அவை தசை.

பெரியவர் நன்றாகச் சாப்பிட்டார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அல்வா கொண்டுவந்தார். நான் மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ குடிக்கும்போது கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறதம்மா.

இன்றும் முடிவு நெருங்கும்போது நீலம் வெளுத்தது. புதுப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள், வாய் திறக்கவில்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"நீலம் போச்சுன்னா சொல்லும்மா. நான் கேக்கலைன்னா பெடலை இழுத்துடு."

"திட்டுவீங்களே டாக்டர்."

"திட்டுவேன். அப்பவும் இழு."

அவள் தன் காலைப் பெடலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.