அம்மாவுக்காக எறக்கின வண்டி

என் பொல்லாத அம்மாவுக்கு,

நீ இருந்திருந்தா இந்நேரம் "என்னாடி கடுதாசி, வாயில சொல்ல வக்கில்லையா"ன்னு கைத்தடியைத் தூக்கியிருப்ப. வக்கில்லாமத்தான் எழுதுறேன். வர்ற ஞாயித்துக்கிழமையோட நீ போயி ஒரு வருஷம். உன் பேருக்கு எழுதினாலும் நம்ம சொந்தம், பங்குச் சனம் அத்தனை பேரும் இதைக் கேக்கணும். அதனால உனக்குத் தெரிஞ்சதையும் திரும்பச் சொல்லுவேன், சலிச்சுக்காத.

நம்ம வீட்டுல பாசமும் கோவமும் கையிலதான் வரும். நீ என்னை அடிச்ச. நான் தம்பி அந்துவானை அடிச்சேன். அவன் யாரை அடிக்கிறதுன்னு தெரியாம வெல்டிங் பட்டறை வச்சு இரும்பை அடிச்சான்.

நான் வாங்கினது ஏழு பேர் உக்கார்ற பெரிய வண்டி. முட்டி தேஞ்ச உன்னால அதுல கால் தூக்கி வைக்க முடியல. முக்காலி போட்டு ஏத்தினோம். மாதா கோயில் வாசல்ல யாரோ ஒரு மனுசன் பாவம்னு உன் இடுப்புல கைகொடுத்துத் தூக்கப் போக, பளார்னு ஒண்ணு விட்ட. "மெர்த்! நான் என்னா அரிசி மூட்டையா?"ன்னு நீ பிரெஞ்சுக் கெட்ட வார்த்தையோட கத்தினது பீடம் வரைக்கும் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட சொன்ன: "ஒண்ணு வண்டியை வித்துடு, இல்லன்னா அதைக் கீழ எறக்கு."

பதினாறு வருஷமா நெல்லித்தோப்புல ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்ட்டர்ல நிக்கிறேன். ஸ்பீடு பிரேக்கருக்குப் பயந்து வண்டியை ஏத்தத்தான் ஆளுங்க வருவாங்க, எறக்கணும்னு ஒருத்தரும் வந்ததில்ல. மெக்கானிக்குங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் விடல. நாலு இடத்துல விசாரிச்சு, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடியா வர்ற செட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டேன். ஸ்பிரிங்கைக் கட்டையாக்கினா ஷாக்கும் கட்டையா இருக்கணும்மா. பழைய நீட்டு ஷாக்கையே விட்டா, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் புடிப்பில்லாம ஆடும், எடத்தை விட்டு எகிறும். செட்டு வர மூணு வாரம், வந்தா ஒன்றரை இஞ்ச் எறங்கும்னு சொன்னேன். "ஒன்றரை இஞ்சுக்கா இந்த ஆட்டம் ஆடுற?"ன்னு சோத்துத் தட்டைத் தள்ளிவிட்ட.

அந்துவானுக்குப் பொறுக்கல. ஒரு சனிக்கிழமை நான் கடையில இருக்கும்போது வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயி, நாலு ஸ்பிரிங்கையும் கழட்டி, கட்டிங் மெஷினை வச்சு ஒவ்வொண்ணுலயும் ஒன்றரை சுத்து அறுத்துட்டான். கேட்டும் கிரில்லும் வெட்டுற கைக்கு எல்லாமே இரும்புதானே? ஷாக்கை அவன் தொடவே இல்ல. வண்டி அரைச் சாணுக்கு எறங்கிடுச்சு. நீ முக்காலி இல்லாம, யார் கையும் படாம, மகாராணி கணக்கா ஏறி உக்காந்த. அவன் மண்டையைப் புடிச்சு இழுத்து முத்தம் குடுத்த. என்னைப் பார்த்து, "பதினாறு வருஷமா கடையில நின்னு என்னாத்தடி கிழிச்ச?"ன்னு கேட்ட.

"டேய், இது ஒருநாள் எகிறும்டா"ன்னு அவன்கிட்ட சொன்னேன்.

"உனக்குப் பொறாமைக்கா"ன்னான்.

ஆமாம்மா, பொறாமைதான்.

அடுத்த வார ஞாயிறு அவன்தான் உன்னைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போனான். உப்பளம் ரோட்டுல பெயின்ட் இல்லாத ஒரு ஸ்பீடு பிரேக்கர். பின்சக்கரம் குதிச்சுத் தொங்கின நொடியில ஸ்பிரிங் எகிறிடுச்சு. வண்டி இழுத்துக்கிட்டுப் போயி மதகுச் சுவத்துல மோதிச்சு, நீ உக்காந்திருந்த பக்கமா. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வர்றதுக்குள்ள உன் முகத்தை மூடிட்டாங்க.

அங்கயே, வராண்டாவுலயே, செருப்பைக் கழட்டி அவனை அடிச்சேன். வாயில ரத்தம் வந்தும் நிறுத்தல. நாலு பேர் சேந்து என்னைப் புடிச்சு இழுத்தாங்க. உன்னை அடக்கம் பண்ணும்போது ஒரு புடி மண்ணு போட வந்தான். "கொன்ன கையால மண்ணு போடாதடா"ன்னு நெஞ்சுல கைவச்சுத் தள்ளினேன். தோண்டிப்போட்ட மண்ணுமேல மல்லாக்க விழுந்தான். ஒருத்தரும் தூக்கிவிடல. "தள்ளி நில்லு"ன்னுதான் சொன்னாங்க.

அதுவும் எனக்குப் பத்தல. எட்டாம் நாள் பூசை முடிஞ்ச கையோட பட்டறைக்குப் போயி இரும்புக் கம்பியை எடுத்தேன். கண்ணுல பட்டதெல்லாம் ஒடைச்சேன். அவன் குறுக்க வந்தான், தோள்ல போட்டேன். எலும்பு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவன் கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லம்மா. "அடிக்கா. நான்தான் கொன்னேன்"னு மட்டும் சொன்னான். அதுக்கப்புறம் ஊரே அவனுக்கு ஆத்தாளைக் கொன்னவன்னு பேரு வச்சுடுச்சு. கேட்டு, கிரில்லு செய்யச் சொல்லி யாரும் அவன்கிட்ட போறதில்ல.

இப்ப யாருக்கும் தெரியாததைச் சொல்றேன். காதைக் குடு.

நான் ஆர்டர் போட்ட செட்டு, நீ சாகுறதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு. நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், எல்லாம் சரியான அளவு. ஒரு சாயங்கால வேலை. மாட்டியிருந்தா நீ இன்னிக்கு உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருப்ப. நான் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சேன்.

ஏன் தெரியுமா? வண்டி தூக்கிப் போடணும், உன் இடுப்புல நல்லா ஒரு அடி விழணும், நீ வலியில கத்திக்கிட்டே வந்து "நீ சொன்னதுதாண்டி சரி"ன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்கிட்ட சொல்லணும். அதுக்காக அஞ்சு நாள் காத்துக்கிட்டு இருந்தேன். எகிறும்னு நான் சொன்னதை அந்துவான் பொறாமைன்னு நெனைச்சு நம்பல. எனக்குத் தெரியும். தெரிஞ்சே உன்னை அதுல ஏத்தி, கையாட்டி அனுப்பிவச்சேன். நீ சாவணும்னு நெனைக்கலம்மா. உனக்கு வலிக்கணும்னு நெனைச்சேன். இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்கு, சொல்லு?

போன வாரம் உன் மகன் பட்டறையைத் தொறந்து, கட்டிங் மெஷினைப் போட்டு, உன் ஸ்பிரிங்கை வெட்டின கையை அதுக்குள்ள விட்டுட்டான். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து ஒயரைப் புடுங்கினாரு. ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரியில போயிப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைக் காட்டி, "அம்மா என்னை மன்னிச்சிருக்குமாக்கா?"ன்னு கேட்டான். உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். "தூங்குடா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த நிமிசம் என்னை எதால அடிச்சாலும் தகும்.

இதுக்குமேல முழுங்க முடியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உன் கல்லறைகிட்ட நின்னு இதை ஒரு வரி விடாம வாசிப்பேன், இது சத்தியம். அவனைத் தள்ளி நிக்கச் சொன்ன அத்தனை பேரும் கேக்கட்டும். அவன்மேல எறிஞ்ச பேரை எடுத்து என்மேல எறியட்டும். வாசிச்சு முடிச்சதும் நேரா அவன் முன்னாடி போயி நிப்பேன். கை ஓங்கினான்னா ஒருத்தரும் குறுக்க வரக்கூடாது, வாங்கிக்குவேன். அடி வாங்க எனக்குப் பயமில்ல, நீ பழக்கினதுதானே.

அவன் அடிக்காம "அக்கா"ன்னு கூப்புட்டுட்டா என்னா பண்ணுவேன்னுதாம்மா தெரியல.

இப்படிக்கு,
அந்துவானோட அக்கா,
உன் மூத்தவ மதலேன்