கொச்சங்காடி எனக்கு

12-6-1962, செவ்வாய்.

கஸ்டம்ஸ் ஆபீஸில் இன்று யாருக்கு எந்த எல்லை என்று சூப்பிரண்டு லிஸ்ட் படித்தார். துறைமுகம் எனக்குத்தான் என்று, பேர் வருமுன்பே எழுந்து நின்றேன். அது வேறொருத்தருக்கு. ஆபீஸே சிரித்தது. எனக்குக் கொச்சங்காடி பண்டகசாலைகள்; நாளை முதல் சோதனை.

"ஓய், அங்கே பந்துக்கள் உண்டோ? இருந்தால் மாற்றித் தரேன்" என்றார் சூப்பிரண்டு.

"கொசுக்கள்தான் சார்" என்றேன். மறுபடி சிரிப்பு.

என் மாப்பிள்ளையின் பண்டகசாலை அங்கேதான். உள்ளே கள்ளத்தனமாய் வந்த வாட்ச் பெட்டிகள் இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. உண்டு என்று சொல்லியிருந்தால் வேறொருத்தன் போய்த் திறப்பான். நான் திறக்காவிட்டால் உத்தியோகம் போச்சு.

சாயங்காலம் வீட்டில் சாயா கொண்டுவந்த மகள், "எந்த எடம்ப்பா போட்டிருக்கா?" என்றாள்.

"எங்கே போட்டாலும் உங்கப்பா தூங்கத்தானே போறார்?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நாளைக்கு உன் ஆம்படையானை நானே பிடிக்கவேண்டி வரும், குழந்தே. அதை மட்டும் சொல்லவில்லை.