போனில் சொல்லாத காய்ச்சல்

மம்பாவ்,
8.8.1999

அன்பு மகள் பஞ்சாலைக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா துணையால் அப்பாவும் நானும் சித்தப்பா குடும்பமும் இங்கே நலமாக இருக்கிறோம். அந்தத் தூர தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இவ்வளவு கோபமாக நீ எனக்கு எழுதியதே இல்லை. வீரமுத்து சித்தப்பா போனில் வாய் தவறி, அண்ணனுக்கு மூச்சு மெஷின் வைத்திருந்தபோது என்று சொல்லிவிட்டாராம், காய்ச்சல் என்று மட்டும்தானே அம்மா சொன்னீர்கள், நான் உங்கள் பிள்ளை இல்லையா, நர்ஸ் படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் பரீட்சை நேரம், ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் நீ தனியாக உட்கார்ந்து அழுவாய், கட்டிப் பிடிக்க ஆள் இருக்காது என்றுதான் சொல்லவில்லை. இப்போது அப்பா எழுந்து நடமாடுகிறார், அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன், படித்து முடித்த பிறகு வருவதா வேண்டாமா என்று யோசி.

நீ விமானம் ஏறிய பிறகு எஸ்டேட்டில் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்ததும், அப்பா புக்கிட் பெலண்டோக் பக்கம் ஆ கீ தவுக்கேயின் பன்றிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். நானும் காலையில் அவரோடு மோட்டார் சைக்கிளில் போய்க் கொட்டகை கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்பது தெரியாது. பிள்ளை வருத்தப்படும், எழுதாதே என்று அப்பா சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர் பிறகு அந்தப் பன்றிகளோடு பேசவே தொடங்கிவிட்டார். குட்டி போடுகிற தாய்ப்பன்றியின் முதுகைத் தடவிக்கொண்டு, அவ்வளவுதாம்மா, இன்னும் கொஞ்சம்தான் என்பார். ஆ கீயும் நல்ல மனுஷன், முதலாளி என்று தள்ளி நிற்காமல் எங்களோடு உட்கார்ந்து பசியாறுவார்.

தைப்பூசம் முடிந்த பிறகு பன்றிகள் இருமத் தொடங்கின. சாதாரண இருமல் இல்லை, நாய் குரைக்கிற மாதிரி, ரோட்டில் வரும்போதே கேட்கும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், நேற்று தின்ற பன்றி இன்று கால் இழுத்துக்கொண்டு கிடக்கும். ஈப்போ பக்கம் ஏற்கெனவே மூளைக் காய்ச்சலில் ஆட்கள் இறந்திருந்தார்கள். பன்றியைக் கடித்த கொசு மனுஷனைக் கடிக்கிறது, அதனால் வருகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். லோரி வந்து தெருத் தெருவாகப் புகை அடித்தது. நான் தொட்டித் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு வலை கட்டிப் படுத்தேன். அப்பா தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து, இனிமே என்னைக் கடிச்சா கொசுவுக்குத்தான்லா நஷ்டம் என்று சிரித்தார். அதே கையால்தான் மறுநாள் நோய்ப்பட்ட பன்றியின் வாய் நுரையைத் துடைத்துவிட்டார். நானும் துடைத்தேன். எங்களுக்கு என்ன தெரியும்.

சீனப் பெருநாள் கழிந்த கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி தாங்காமல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தார். கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்தேன், குறையவில்லை. ஒரு நாள் மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டு வைத்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடுங்க என்றேன், பஞ்சாலை ஸ்கூல்ல இருந்து வரட்டும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், இடது கை தானாக வெட்டி வெட்டி இழுக்கும். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், அவர் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சிரம்பான் போய்ச் சேரும்போது அப்பாவுக்கு என்னையும் தெரியவில்லை, தம்பியையும் தெரியவில்லை. அன்றைக்கே மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள்.

அந்த வார்டில் எல்லோரும் பண்ணை ஆட்கள்தான். அடுத்த கட்டிலில் ஆ கீ. அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இருவரும் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் பேசிக்கொள்வோம், அதுவும் தீர்ந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். அவள் கஞ்சி கொண்டுவருவாள், நான் இட்லி கொண்டுபோவேன். ஒரு காலையில் ஆ கீ போய்விட்டார். அவள் கத்தவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பார்க்கிறேன், கறுப்புச் சட்டையோடு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் உட்கார முடியவில்லை, உன் ஆள் எழுந்திருக்கிறவரைக்கும் நான் வருகிறேன் என்றாள். சொன்னபடியே வந்தாள். அவளை நான் என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இது கொசுவால் வருவது இல்லை, பன்றியிடமிருந்து நேராக மனுஷனுக்கு வருகிறது, உலகத்தில் யாரும் அதுவரை பார்க்காத கிருமி என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பட்டாளத்துக்காரர்கள் வந்து பண்ணை பண்ணையாகப் பன்றிகளைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னதே போதும். எஸ்டேட் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள், சித்தப்பா போய் நம் வீட்டைப் பூட்டிவிட்டு, சாமி படத்தையும் உன் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். அப்போதிருந்து மம்பாவில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறோம். வள்ளியம்மா சித்தி முதலில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். மடியில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவள், பயப்படாமல் என்ன செய்வாள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. பஸ்ஸில் புக்கிட் பெலண்டோக் என்று வாயைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர் எழுந்து போன காலம் அது. சித்தி பிறகு தானாகவே அந்தத் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டாள், அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீயும் அவளிடம் கேட்காதே.

அப்பா கண் விழித்தது பங்குனி உத்திரத்துக்குப் பிறகு. விழித்தார் என்றால் சினிமாவில் வருவது போல இல்லை மகளே. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். குழாயை எடுத்த பிறகும் பேச்சு இல்லை. உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு பிசைந்து ஊட்டினேன், வாயில் வாங்கிக்கொண்டு விழுங்க மறந்துவிடுவார், தொண்டையைத் தடவிக் கொடுப்பேன். மெல்ல மெல்ல நடை வந்தது, ஒன்றிரண்டு வார்த்தை வந்தது, தண்ணி, போதும், வெளிச்சம் வேணாம் என்று. ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. யார் வீட்டிலோ வந்து தங்கியிருக்கிறவர் மாதிரி நான் எதைக் கொடுத்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வார். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் எனக்குத் தலையசைத்து நன்றி சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அதைத்தான் நான் போனில் சொல்ல முடியாமல், அப்பா தூங்குகிறார், அப்பா தூங்குகிறார் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஆராய்ச்சிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பண்ணையில் வேலை செய்தவர்கள் எங்கெங்கே போயிருக்கிறார்களோ தேடித் தேடிப் போய் ரத்தம் எடுத்தார்கள். நாய், பூனை, ஆடு எதையும் விடவில்லை, இப்போது பழந்தின்னி வௌவாலைக்கூட வலை கட்டிப் பிடிக்கிறார்களாம், கிருமி முதலில் எங்கிருந்து பன்றிக்கு வந்தது என்று பார்க்க. எங்கள் வீட்டுக்கு வருகிறவர் டாக்டர் நோராய்னி, மலாய்க்காரப் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள், என்னை மக்சிக் என்று கூப்பிடுவாள், மலாயில் அது அத்தை மாதிரி. முதல் தடவை என் ரத்தத்தை எடுத்துப் போனவள் அடுத்த தடவை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மக்சிக், உங்கள் உடம்பிலும் இந்தக் கிருமி வந்து போயிருக்கிறது, ரத்தத்தில் அதன் அடையாளம் இருக்கிறது என்றாள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையே என்றேன். சிலருக்கு அப்படித்தான், தெரியாமலே வந்து போய்விடுகிறது என்றாள்.

பஞ்சாலை, அதைக் கேட்டதும் எனக்கு உயிர் தப்பினோம் என்று சந்தோஷம் வரவில்லை. நான்தான் அவருக்குக் கொடுத்தேனா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை மக்சிக், இரண்டு பேருக்கும் பன்றியிடமிருந்துதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்படியென்றால் ஒரே கொட்டகை, ஒரே சோறு, அவர் ஏன் விழுந்தார், நான் ஏன் விழவில்லை என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தெரியாது, எனக்கு மட்டும் இல்லை, யாருக்கும் இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்கள் ரத்தம் வேண்டும் என்றாள். பெரிய படிப்புப் படித்தவள் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் வாம்மா என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் அன்று முழுக்க அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது, நல்லதைப் பங்கு பிரிக்காமல் நானே எடுத்துக்கொண்ட மாதிரி.

போன வாரம் அவள் மறுபடியும் வந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் போல. டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டி ஊசியை எடுத்தாள், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து என் மறு கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, மெல்லப் போடு டாக்டர், செல்லம்மாவுக்கு ஊசின்னா ரொம்பப் பயம்லா, பிள்ளை பெத்தப்போகூட ஊசிக்குத்தான் அழுதா என்றார். தமிழிலேதான் சொன்னார், டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஏன் மக்சிக் அழுகிறீர்கள், வலிக்கிறதா என்று பதறிப் போய் ஊசியை எடுத்துவிட்டாள். நீ பிறந்த அன்று நான் ஊசிக்கு அழுதது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், உன்னிடம்கூடச் சொன்னதில்லை. கட்டிலில் படுத்திருந்த இத்தனை நாளில் அவர் எங்கே போயிருந்தாரோ, அங்கே என்னையும் கூடவே வைத்திருந்திருக்கிறார். பிறகு டாக்டருக்கு மலாயில் விளக்கிச் சொன்னேன், அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று ரத்தம் எடுக்க வெகு நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் அவர் ஆ கீயைக் கேட்டார். இவ்வளவு நாள் மறைத்திருந்தேன், அன்று மறைக்கவில்லை, போய்விட்டார் என்றேன். நீளமாக ஒரு மூச்சு விட்டு, அவர் பொண்டாட்டி, என்றார், அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் வந்தாள், ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தாள், மூன்று பேரும் பழம் உரித்துச் சாப்பிட்டோம்.

இப்போது நீ சொல். நீ வந்தால் எனக்குத் தோளுக்குத் தோளாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன், ராத்திரி பகல் நான் விரும்புவதும் அதைத்தான். ஆனால் அப்பாவுக்கு நினைவு ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் நழுவுகிறது, இடது கை இன்னும் நடுங்குகிறது, இது வருஷக் கணக்கில் ஆகலாம் என்கிறார்கள். வார்டில் அவரைத் திருப்பிப் போட்டு முதுகுக்குப் பவுடர் போட்ட நர்ஸ் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் படிப்பைத்தானே நம் பிள்ளையும் படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன், அந்த நினைப்புத்தான் என்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தது. அதனால் படிப்பை முடித்துவிட்டு வா தங்கம். டிசம்பர் லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போ, அதுவரைக்கும் நான் பார்த்துக்கொள்வேன், எனக்கு இந்த நோய் வராது என்றுதான் தெரிந்துவிட்டதே. இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன், நல்லதோ கெட்டதோ அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், நீயும் அழுதால் அழுதேன் என்றே சொல். பரீட்சை என்று சாப்பிடாமல் இருக்காதே, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

மாரியம்மாவும் நம் குலசாமியும் உனக்குத் துணையாக இருந்து, எடுத்த படிப்பில் நல்லபடியாகக் கரையேற்றட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை போன் போடும்போது அப்பாவிடம்தான் முதலில் கொடுப்பேன். மெல்லப் பேசு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேள். கேட்டுவிட்டுக் காத்திரு. பதில் வர நேரமாகும், சத்தமே இருக்காது, லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. அப்பா அங்கேதான் இருப்பார்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
அ. செல்லம்மா