இரண்டாவது அனுமதிக் கடிதம்

முல்லைத்தீவு

அன்பு மகன் கொலின்ஸ் அறிவது,

நீ அங்கே சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இன்றைக்கு அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அழைப்பு வந்தால் வீடே சுற்றி வந்து நிற்கும், அதனால்தான் கடிதம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. களப்பில் இறால் பரவாயில்லை. அக்காவின் பிள்ளை மெலனிக்கு என்ன வருத்தம் என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு வெயில் ஆகாதாம். டொக்டர் அம்மா படம் கீறி விளங்கப்படுத்தினார். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ என்று ஒரு எழுத்து இருக்கிறதாம், கலம் இரண்டாகப் பிரிய முன் அதை முழுதாகப் பார்த்து எழுதிக்கொள்ளுமாம். வெயில் பட்டால் அந்த எழுத்து அங்கங்கே பழுதாகும், எனக்கும் உனக்கும் தினமும்தான் பழுதாகிறது, ஆனால் எங்கள் உடம்பு பழுதை வெட்டியெடுத்துத் திருத்திவிடும். மெலனியின் உடம்பு திருத்தாது. பிழையோடேயே அடுத்த கலம் எழுதிக்கொள்ளும், அதைப் பார்த்து அதற்கடுத்தது, நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவன் பிழையாக எழுத, வாங்கில் பக்கத்தில் இருந்த எல்லாரும் அதையே பார்த்து எழுதி அடிவாங்கியது போல. அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் ஐந்து வயதில் மூக்கில் அந்தப் புண். வெட்டிச் சோதித்தார்கள், புற்றுநோய். இன்னும் வரும் என்கிறார்கள். பிறந்த மாதம் முழுக்க அவளை இளவெயிலில் பிடித்தது யார்? நான். அழ அழப் பிடித்தேன், உரம் ஏறும் என்று. இப்போது யன்னலுக்கெல்லாம் கறுப்புச் சீலை. "அம்மப்பா, நானும் கரைக்கு வாறன்" என்று அதற்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறாள். கேளாதவன் மாதிரிப் போய்விடுகிறேன்.

தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இந்த வருத்தமாம். ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது, சாகும்வரை தெரியவும் வராது. அக்காவும் அத்தானும் யார், என் பிள்ளையும் என் தங்கச்சியின் பிள்ளையும். யுத்தத்துக்குப் பிறகு எங்களில் மிஞ்சியது இரண்டு வீடு, அதுவும் பிரியக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். மச்சான் மச்சாளுக்குக் கோயிலில் கட்டிவைக்க ஆயரின் அனுமதி வேண்டும் என்றபோது, எஞ்சிய சொந்தம் சிதறாமல் இருக்க என்று காரணம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். இரண்டு பக்கத்தாலும் வந்தது ஒரே பிழைதானாம், அப்படியென்றால் எங்கள் தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்துதான் எனக்கும் தங்கச்சிக்கும் இது வந்திருக்கிறது. அதைச் சொன்னதற்குத் தங்கச்சி, அதுதான் உன் மாமி, "இது யூலிற்றா மச்சாளின்ர ஆக்களின்ர வருத்தம், என்ர பெட்டையின்ர ரத்தத்தில ஒருத்தரும் கைவைக்கேலாது" என்று கத்திவிட்டுப் போனவள், பிறகு வாசலுக்கும் வரவில்லை. தன் பெயர் அடிபட உன் அம்மா குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

உனக்கும் மாமியின் பெட்டை பிரேமிளாவுக்கும் ஆயர் இல்லத்து அனுமதி போன கிழமை வந்துவிட்டது. அலுமாரிக்குள் கிடக்கிறது. நாலு வருடத்துக்கு முன் நீ வேறொரு பிள்ளையை விரும்பியபோது, மாமியின் மகள் இருக்க வேறெவளையும் கட்டினால் என் செத்தவீட்டுக்கும் வராதே என்றேன். நீ அடங்கிப் போனாய், அந்தப் பிள்ளையும் கலியாணம் முடித்துவிட்டாள். இப்போது நீயும் பிரேமிளாவும் மனம் ஒத்திருக்கிற நேரத்தில் பொறு என்று எழுதுகிறேன். என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

சோதிக்க மாமியின் சம்மதம் தேவையில்லை. உன் இரத்தத்தைச் சோதித்தாலே போதும், உனக்கு இல்லையென்றால் உன் பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் வராது. உனக்கு இருப்பதற்கும் இல்லாததற்கும் சரிக்குச் சரியாம். மெலனியின் அறிக்கையை இதற்குள் வைத்திருக்கிறேன், அங்குள்ள டொக்டரிடம் காட்டு. இருந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன், நான் இதுவரை சொன்னதே போதும். நானும் சோதிக்கவா என்று கேட்டேன். "தேவையில்லை ஐயா, உங்களிட்ட இருக்குது எண்டதுக்குப் பேத்தியே சாட்சி" என்றார் டொக்டர் அம்மா.

குளிருக்குத் தொப்பி போடு, பூசையை விடாதே, சோதிக்கப் பிந்தாதே. என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு மகன். அதைத் தவிர வேறொன்றும் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கக்கூடாது என்று மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லோறன்ஸ்