சுவரும் சீலிங்கும் சேரும் இடம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? அவருக்குத் தோள்வலி குறைந்ததா?

ஒரு யோசனை வேண்டும். என் புது அடுக்குமாடியில் மாதிரி வீடு தயாராகிறது. வீடு வாங்கியவர்கள் சங்கமாக 20ஆம் தேதி பார்க்க வருகிறார்கள். சீலிங் ஓரம் முழுக்கப் பழைய மாதிரி பூ வைத்த பிளாஸ்டர் பட்டை, அந்தக் கார்னிஸ், ஒட்ட வேண்டும் என்கிறாள் உன் அண்ணி. டிசைனர் பெண்ணோ, "சார், இது என்ன சத்திரமா? இந்தக் காலத்து வீட்டுக்கு அதெல்லாம் செட் ஆகாது" என்கிறது. இருவருக்கும் நடுவில் என் மண்டை காய்கிறது. பத்து வருடம் என் கட்டடங்களுக்கெல்லாம் கார்னிஸ் ஒட்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். நீ சொல்வதைச் செய்கிறேன்.

பள்ளிக்கூட ஹால் விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டிருக்காதே. சீலிங் இடிந்து விழுந்ததற்கு யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். என் லைசென்ஸ் போயிருந்தால் எத்தனை பேர் பிழைப்பு போயிருக்கும்! அதனால்தான் விசாரணையில், கார்னிஸ் ஒட்டிய மாப்பிள்ளை கை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். குடும்பத்துக்குள் இதெல்லாம் சகஜம்.

பாசத்துடன்,
அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அவரும் நலம். இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டார்.

டிசைனர் சொல்வதுதான் சரி. உங்கள் சீலிங் ஒன்பதடி. அதில் பூவும் கொடியும் ஒட்டினால் தலைக்கு மேல் வந்து அழுத்தும். தூசியும் சேரும். அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஓரத்தை வெறுமையாக விடுங்கள். உங்கள் சுவர்கள் நேரானவை என்று ஊரே சொல்கிறதே, அதை எதற்கு மூட வேண்டும்? ஓரத்தை ஒட்டியே சுற்றிலும் ஒரு லைட் பட்டை ஓடவிடுங்கள். வெளிச்சம் சுவர் மேல் வழியும். வருகிறவர்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.

குடும்பத்துக்குள் சகஜம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

உங்கள் அன்புத் தங்கை

மார்ச் 21

என்னடி செய்துவிட்டாய்?

நேற்று எல்லோரும் வந்து நின்றார்கள். லைட்டைப் போட்டேன். சுவரும் சீலிங்கும் சேரும் கோடு ஒரு மூலையில் இரண்டு விரல் இறங்கி, நடுவில் ஏறி, அலை மாதிரி போகிறது. சங்கத் தலைவி ஒரு கணக்கு டீச்சர். "ஏன் தம்பி, சீலிங் நம்மளப் பாத்து இளிக்குது?" என்று கேட்டார். ஒரே சிரிப்பு. கூட வந்த இன்ஜினியர் பக்கத்து வீட்டில் அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. "இங்கயே இப்படின்னா, இவரு கட்டுன அந்தப் பள்ளிக்கூடம்?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். இப்போது அந்த விசாரணையைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு எழுதுகிறார்கள்.

ஏப்ரல் 2ஆம் தேதி இருபத்து நான்கு வீட்டையும் அளக்கப் போகிறார்களாம். அதற்குள் வந்து எல்லா வீட்டுக்கும் கார்னிஸ் ஒட்டிக் கொடு. பெரிய பூ, சின்னப் பூ, எதுவானாலும் சரி. தெரிந்தேதான் அப்படி எழுதினாயா? கூடப் பிறந்தவன் நான்.

அண்ணன்

மார்ச் 25

அண்ணனுக்கு,

தெரிந்தேதான் எழுதினேன்.

நீங்கள் ஏணியில் ஏறிப் பார்த்ததே இல்லை. கொத்தனார்களை விரட்டி விரட்டி நீங்கள் எழுப்பிய சுவர் ஒன்றுகூட நேராக இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கண்ணன் மறுபடியும் சுவருக்குப் பதிலா வளஞ்சு போற ஆத்தக் கட்டி வெச்சிருக்காரு" என்று சிரிப்பார். பிறகு கார்னிஸுக்குப் பின்னால் ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் கலவை வைத்துக் கோணலை மறைப்போம். உங்களிடம் சொன்னதில்லை. அண்ணன் முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். பத்து வருடம் உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கை. அதைத்தான் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். ஹாலில் இறங்கியது உங்கள் கான்கிரீட். விழுந்தது அவர் தோளில். மூன்று வருடமாக எந்த சைட்டிலும் அவரைச் சேர்ப்பதில்லை.

நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதிலையும் சொல்லிவிடுகிறேன். கார்னிஸ் எந்தக் காலத்து வீட்டுக்கும் பொருந்தும். பூ வேண்டாம், மூன்று விரல் அகலத்தில் ஒற்றைக் கோடு போதும். எங்கள் வாடகை அறையில் நானே ஒட்டியிருக்கிறேன். நேரான சுவரில் அது அழகு. உங்கள் சுவரில் அது புண்ணுக்குக் கட்டும் துணி.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "போய் ஒட்டிக் குடு. கூடப் பொறந்தவரு" என்றார். "மேல அந்த சீலிங் மூலைய ஒரு தடவ தொடுங்க பாப்போம்" என்றேன். கை தோள்வரைதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் உங்களுக்காகப் பேசவில்லை.

இரண்டாம் தேதி வருகிறேன். கணக்கு டீச்சர் நேற்று வீடு தேடி வந்தார். இன்ஜினியர் அளக்கும்போது நாடாவின் மறுமுனையைப் பிடிக்க, தொழில் தெரிந்த ஆள் வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏணி நான் கொண்டு வருகிறேன். இருபத்து நான்கு சாவியையும் வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.

தங்கை