நீங்கள் இல்லாத வீட்டில் ஓடிய சோதனை

அண்ணே,

போன வாரம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என் கைத்தொலைபேசி சிணுங்கியது. நாம் இருவரும் இணையத்தில் பகிர்ந்து வைத்திருந்த அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. உங்கள் மடிக்கணினி, வேகச் சோதனையில் அதன் கிராபிக்ஸ் கார்டு எடுத்த புள்ளி, ஏறிய சூடு. கடைசிக் கட்டத்தில் ‘மழை’. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். இங்கே லாயாங் லாயாங்கில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உங்களை எரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அது முதல் வரி இல்லை. நீங்கள் போனதிலிருந்தே ஞாயிறு தவறாமல் ஒன்று வந்துகொண்டிருந்தது. தானாக ஓடும்படி ஏதோ செய்து வைத்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வானிலைக் கட்டத்தை ஆள் உட்கார்ந்துதான் தட்டவேண்டும். ஜொகூர் புழுக்கத்தில் வானிலை எழுதாத சோதனை சோதனையே இல்லை என்று அந்தக் கட்டத்தைச் சேர்த்ததே நீங்கள்தானே. சிம்பாங் ரெங்கத்தில் உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக யார் மழையைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று யோசித்தேன். அண்ணி அந்த மடிக்கணினியைத் தொட்டதே இல்லை.

நாம் இருவரும் மடிக்கணினியை ஒரே வாரத்தில்தான் வாங்கினோம். உங்களுடையது செங்கல் கனம், என்னுடையது மெலிசு. இரண்டிலும் இருந்தது ஒரே பெயர் கொண்ட கார்டு. சேனாயில் நாம் வேலை செய்யும் ஃபேக்டரிக்குப் போகும் பஸ்ஸில் நான் பெருமையாகக் காட்டியபோது, பின் சீட்டு வரை கேட்கும்படி சொன்னீர்கள்: “பேரு ஒன்னுதாம்மா. ஆனா மெலிசு மிஷினு சூடு தாங்காதுன்னு ஒன்னோடதுக்கு கரண்டு கம்மியா விட்டிருக்கான். பேர மட்டும் பாத்து வாங்கிட்டியே, ஐயோ அலமாக்!” பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஓட விட்டுப் பாத்துடலாம்ணே” என்றேன்.

உங்கள் வீட்டில் போட்டி வைத்த அந்த ஞாயிறு, அண்ணி சாஆ ஊரில் அவர் அம்மா வீட்டில் இருந்தார். சாட்சிக்கு வருவதாகச் சொன்ன பஸ் கூட்டாளிகள் மேகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். விதிகள் எல்லாம் உங்களுடையவை. ஒரே மேசை, காற்றுப் போக இரண்டுக்கும் அடியில் மரக்குச்சி, சார்ஜர் செருகியே இருக்கவேண்டும், முதல் ஓட்டம் செல்லாது. “ஆறிக் கெடக்கற மிஷினு மொத தடவ பொய் சொல்லும்” என்பீர்கள். அந்தச் செல்லாத ஓட்டத்தில் உங்கள் செங்கல் என்னுடையதை எங்கேயோ விட்டுவிட்டுப் போனது. அப்போது மழை கொட்டத் தொடங்கியது. கொடியில் கிடந்த துணியை எடுக்க நீங்கள் பின்பக்கம் ஓடினீர்கள்.

உங்கள் கணினியை அமைதி நிலைக்கு மாற்ற ஒரே பொத்தான் போதும். அதைத் தட்டினேன். அந்த நிலையில் கார்டு பாதி வேகத்தில்தான் ஓடும். அதன் விசிறி அடங்கியது சிங்க் தகரக் கூரையில் விழுந்த மழை இரைச்சலில் உங்களுக்குக் கேட்கவில்லை. என் மெலிசு ஜெயித்தது. முதல் ஓட்டம் பொய் சொல்லும் என்ற உங்கள் விதியே எனக்குத் துணைக்கு வந்தது. நீங்கள் கோப்பி கலக்கப் போன நேரத்தில் பொத்தானை மறுபடி தட்டிப் பழையபடி ஆக்கிவிட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் நீங்களே என் வெற்றியை அறிவித்தீர்கள். நான் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு நீங்கள் தனியாக ஓட்டிய சோதனை அட்டவணையில் ஏறியது. அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொன்றிலும் உங்கள் கார்டு என்னுடையதைத் தாண்டி நின்றது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, பஸ்ஸில், “அன்னிக்கு மழதானே பேஞ்சிச்சு?” என்றீர்கள். “ஆமாண்ணே.” “ம்.” சேனாய் வரும்வரை நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. பிறகு இதய ஆப்பரேஷனுக்குப் போனீர்கள். திரும்பவில்லை.

நேற்று மறுபடி ஞாயிறு. நான் கிளம்பிவிட்டேன். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் உள்ளேயிருந்து அந்த விசிறிச் சத்தம் வந்தது. நீங்கள் உட்கார்ந்து ஓட்டும்போது வரும் அதே சத்தம். கதவு திறந்தே கிடந்தது. உங்கள் நாற்காலி, நீங்கள் இப்போதுதான் எழுந்து போனதுபோல, மேசையிலிருந்து தள்ளி இருந்தது. திரையில், கார்டைச் சோதிக்க ஓடும் அந்தக் கற்பனை ஊர். ஆளே இல்லாத தெருக்கள், ஈரத் தார்ச்சாலை, எல்லா வீட்டிலும் எரியும் விளக்கு. யாரோ நடந்து போவதுபோல் காட்சி தானாகத் திருப்பம் திருப்பமாக நகர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் அண்ணி இருந்தார். திரும்பிப் பார்க்காமலே, “வா. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடும்” என்றார்.

நான் வருவேன் என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் அண்ணி அட்டவணையில் புள்ளியைத் தட்டினார், ஜன்னலைப் பார்த்தார், ‘மழை’ என்று தட்டினார்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு சொல்லிக் கொடுத்தாரு” என்றார். “நாயித்துக்கெழம விட்டுடாத, அவ பாத்துக்கிட்டே இருப்பா, ஒரு நாளு தானா வருவான்னாரு. என்னங்க நடந்துச்சுன்னு கேட்டேன். அத அவதான் சொல்லணும்னுட்டு சிரிச்சாரு.”

ஆப்பரேஷன் முடிந்து வந்து என்னைக் கிண்டல் செய்யத்தான் இந்த ஏற்பாடு. எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியாதே.

அவர் அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். நான் ஜெயித்த வரி. “இந்தத் தேதியில நான் சாஆவுல இருந்தேன். நீயும் அவரும் மட்டுந்தான் இங்க. சொல்லும்மா. ஒங்களுக்குள்ள என்ன?”

அவர் கண்ணில் இருந்த சந்தேகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொத்தானைத் தட்டியதிலிருந்து கோப்பி வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் நம்பவில்லை. பொத்தானைக் காட்டினேன். தட்டினேன். விசிறி அடங்கியது. திரையில் அந்த ஊரை மறுபடி ஓட விட்டேன். தெருக்கள் இழுத்து இழுத்து நகர்ந்தன. வந்த புள்ளி, அன்றைய தோல்விப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றது.

அண்ணி இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது அழுகை. “இதுக்கா என்ன இந்த சத்தத்தோட ஒக்கார வச்சாரு? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். பதினாறாம் நாளு சொந்தக்காரங்க எல்லாம் கெளம்பிப் போனாங்க. அன்னையிலேர்ந்து அவரு படத்துக்கு நான் வெளக்கே வைக்கலம்மா.”

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். உங்கள் படத்தில் மாலை சருகாகி இருந்தது. அதன் கீழே விளக்கில் எண்ணெய் இல்லை, திரி இல்லை.

அண்ணி எழுந்து விளக்கைத் துடைத்தார். நான் எண்ணெய் ஊற்ற வந்தபோது, “நீ வேணாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் அந்த வரியைத் திருத்தி, நான் செய்ததை அதிலேயே எழுதிவிட்டேன். உங்கள் கார்டுதான் பெரிது, அண்ணே. பஸ்ஸிலும் சொல்லிவிடுவேன், சிரிக்கட்டும். பதினாறாம் நாளிலிருந்து நேற்று வரைக்கும் அந்த வீட்டில் நீங்கள் இருட்டில் இருந்தீர்கள். அதைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.